கறி மணக்காத குக்கி

உங்கள் குளிர்கால ஜக்கெற்றை வீட்டில் எங்கே கொழுவி வைத்திருக்கிறீர்கள்? பொய் சொல்லாதீர்கள். வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் என்றால் ஒன்று நீங்கள் தமிழர் இல்லை, இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் சமைப்பதில்லை.

எங்கள் வீட்டு ஜக்கெற்றுகள் மூன்றும் கராஜில் தொங்குகின்றன. ஹீற்றர் இல்லாத கராஜ். காலையில் எடுத்துப் போட்டால் பலகை மாதிரி விறைத்துப் போயிருக்கும். முதல் கொஞ்ச நேரம் அது உங்களைச் சூடாக்காது, நீங்கள்தான் அதைச் சூடாக்க வேண்டும். ஆனால் மணக்காது. அதுதான் முக்கியம். ரொக்ஸ்பரோவில் எங்களுடையது சின்ன வீடு; குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் இல்லை. அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றாடி புகையை வெளியே தள்ளாமல் சுற்றிவந்து எங்கள் முகத்திலேயே ஊதும். வெங்காயம் தாளித்தால் அன்றைக்கு வெங்காயம் சோபாவிலும் இருக்கும், என் தலைமுடியிலும் இருக்கும், லாப்டொப் பையிலும் இருக்கும். பள்ளிக்கூடக் காலத்தில் பஸ் ஏறுமுன் சென்ற் அடித்துக்கொண்டு போவேன். கறி மணமும் சென்ற் மணமும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படு கேவலமாக இருக்கும். சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி.

அம்மா பல வருடம் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது மூடப்பட்ட பிறகு, பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் வேலைக்காகப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய், இன்னொரு கோர்ஸும் முடித்து, போன செப்ரெம்பரில் ஒரு கார்டெரியில் வேலைக்குச் சேர்ந்தார். கார்டெரி என்றால் வேலைக்குப் போகிற பெற்றோர் பகல் முழுக்கப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அம்மாவுக்குக் கைக்குழந்தைகள் பிரிவு. வீட்டுக்கு வந்தால் ஒரே கதை. இன்றைக்கு ஒன்று தவழ்ந்ததாம், ஒன்று அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்ததாம், ஒன்று அம்மா தூக்கினால் மட்டும்தான் நித்திரையாகுமாம். நான் வீட்டில் இருந்தபடி கம்பியூட்டர் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க வேறு மனிதக் குரல் இல்லாததால் எனக்கும் இந்தக் கதைகள் தேவைப்பட்டன.

ஒக்ரோபரில் கதைகள் குறைந்துவிட்டன. நான் பெரிதாக யோசிக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காரை வக்யூம் பண்ணும்போது பார்க்கிறேன், ட்ரைவர் கதிரைக்குக் கீழே காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகள். ஒரு கரண்டி. ஒரு நாப்கின் பேப்பர், மஞ்சளாக.

"அம்மா, நீங்கள் காருக்குள்ளயோ சாப்பிடுறீங்கள்?"

"சில நேரம்."

"எத்தினை சில நேரம்? உள்ளுக்கை பாதி அரிசி மூட்டை கிடக்கு."

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "காருக்குள்ள அமைதியாக் கிடக்கும் பிள்ளை. நாள் முழுக்கக் குழந்தையளின்ர சத்தம்."

"அம்மா."

"என்ன?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னார். ஒரு நாள் மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடுகிற அறையில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் மைக்ரோவேவில் சூடாக்கினாராம். கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாராம். எதிரே இருந்த ஒரு பெண் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தாராம். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைச் சுளிக்கவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்து இருந்து தன் சான்விச்சைச் சாப்பிட்டாராம். அம்மாவும் சாப்பிட்டு முடித்தாராம். அடுத்த நாளிலிருந்து கார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நான் உங்கட பொறுப்பாளர் டிரெக்றிஸுக்கு ஈமெயில் போடுறன். இப்பவே."

"என்னெண்டு போடப் போறாய்? யன்னல் திறந்தது பிழை எண்டோ?"

"நாள் முழுக்கக் குழந்தையளின்ர கக்கா மணத்துக்கை நிக்கினம். அதுக்கு மூச்சு விடேலும், கத்தரிக்காய்க்கு மட்டும் ஏலாதாமோ?"

அம்மா சிரித்துவிட்டார். ஆனால் ஈமெயில் போட விடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். ஒருத்தர் வாயால் ஏதாவது சொன்னால் நாமும் திருப்பிச் சொல்லலாம். அதற்கு நான் எப்போதும் ரெடி. ஒரு யன்னலுக்கு என்ன பதில் சொல்வது? அதுதான் எனக்கு விசராக இருந்தது.

நொவெம்பர் வந்தது, குளிர் வந்தது. அம்மா எஞ்சினை ஓடவிட்டபடி காருக்குள் இருந்து சாப்பிட்டார். நான் என்னென்னவோ யோசனை சொன்னேன். சான்விச் கொண்டு போங்கோ என்றேன். "பாணைத் திண்டுபோட்டுப் பின்னேரம் வரைக்கும் ஆர் குழந்தையளைத் தூக்கிறது?" என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு நாள் 'இது எங்கட சாப்பாடு' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கோ என்றேன். அம்மா கார்த் திறப்பைத் தேடப் போய்விட்டார்.

டிசம்பர் தொடங்கியதும் கார்டெரி அறிவித்தல் பலகையில் ஒரு பேப்பர். நத்தார் விடுமுறைக்கு முன் குக்கி, அதாவது பிஸ்கற், பரிமாற்றம். ஒவ்வொருத்தரும் ஒரு வகை குக்கி சுட்டுக்கொண்டு வர வேண்டும், மத்தியானம் அந்த அறையில் எல்லோரும் இருந்து ருசி பார்த்து, மிச்சத்தைப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வகைகள் எழுதியிருந்தன, பக்கத்தில் பெயர் போட வேண்டும். அம்மா பெப்பர்மின்டுக்குப் பெயர் போட்டுவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் மின்ட் என்றால் ஒன்று பற்பசை, மற்றது நெஞ்சில் பூசுகிற தைலம். அதைத் தின்னலாம் என்பதே அப்பாவுக்குப் புதுச் செய்தி.

"ஏனம்மா மின்ட்? இஞ்சிக் குக்கி இருந்திருக்குமே. கறுவாக் குக்கி. உங்களுக்குத் தெரிஞ்ச சாமான்."

"அதுகள் எங்கட மணம். என்ர கையால செய்தா கறியெண்டுதான் நினைப்பினம்," என்றார். "இது அவையின்ர மணம்."

இந்த ஊரில் டிசம்பர் மாதம் முழுக்கக் கடை கடையாக மணப்பது என்ன? இஞ்சி, கறுவா, கராம்பு, சாதிக்காய். எல்லாம் எங்கள் அஞ்சறைப் பெட்டிச் சாமான். அது குக்கிக்குள் போனால் பண்டிகை மணம்; மெழுகுதிரியில்கூடப் போட்டு விற்பார்கள். அதே கறுவா இறைச்சிக் கறிக்குள் போனால் யன்னல் திறக்க வேண்டும். இதை அம்மாவுக்கு ஒரு லெக்சர் மாதிரி எடுத்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பாடம் எடுத்தவள் நான். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, மின்டுக்கு என்ன வாங்கோணும்?" என்று கேட்டார்.

அடுத்த சிக்கல், அது பிள்ளையார் கதைக் காலம். இருபத்தொரு நாள் விரதம். அம்மா கையில் காப்புக் கட்டியிருந்தார். பின்னேரம் பூசை முடிந்த பிறகு ஒரு நேரச் சாப்பாடு, பகலில் வெறும் தேத்தண்ணி. அந்த நாட்களில் வீட்டுக்குள் மீனில்லை, இறைச்சியில்லை, முட்டையும் இல்லை. நான் தேடித் தேடி முட்டை இல்லாத ஒரு செய்முறை கண்டுபிடித்தேன். பட்டர், அரைத்த சீனி, கோதுமை மா, பெப்பர்மின்ட் எசன்ஸ். மேலே தூவ, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கைத்தடி இனிப்பை உடைத்த தூள். பிசை, உருட்டு, தட்டு, சுடு. இதைவிட லேசான குக்கி உலகத்தில் இல்லை என்று அந்த வெப்சைட்டில் போட்டிருந்தது. அவர்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது.

முதல் வேலையாக வீட்டில் தாளிப்பு நிறுத்தப்பட்டது. வியாழக்கிழமை தொடங்கி அவித்த சாப்பாடு மட்டும். சனிக்கிழமை மேசையில் இருந்த அப்பா அவித்த கிழங்கைப் பார்த்தார், அவித்த கரட்டைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இஞ்சேரும், வீட்டில ஆரும் செத்துப்போச்சினமோ?"

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கோ."

"ஒரு கடுகு. ஒரே ஒரு கடுகு வெடிச்சாப் போதும் எனக்கு."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ."

பழைய மா மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இருந்தது என்று புது மா வாங்கினார். பட்டர் பிரிஜ்ஜுக்குள் போனால் சம்பல் மணம் பிடிக்கும் என்று, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வீட்டுக்குப் பின்பக்கம் பனிக்குள் புதைத்தார். எங்கள் ஒவனுக்குள் வழக்கமாகத் தாச்சி, தோசைக்கல், பெரிய சட்டி எல்லாம் குடியிருக்கும். குளிர் காலத்தில் உள்ளே லைற்றைப் போட்டுவிட்டுத் தோசை மா புளிக்க வைப்பதும் அதற்குள்தான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவனை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார். இனிப்பை உடைக்க நான் கிறைண்டரை எடுத்தேன். பாய்ந்து வந்து பறித்தார்.

"விசரே உனக்கு! அதுக்கை போன கிழமை மல்லி அரைச்சது."

"கழுவித்தானே கிடக்கு?"

"கழுவினா? அது ஏழு பிறப்புக்கும் போகாது."

கடைசியில் இனிப்பைப் பையில் போட்டு, அப்பாவின் சுத்தியலுக்குப் புதுச் சொக்ஸ் ஒன்றை மாட்டி, நிலத்தில் வைத்துக் குத்தினோம். ஞாயிறு மத்தியானம் குசினி யன்னல் இரண்டையும் திறந்து வைத்துவிட்டு, வெளியே மைனஸ் பதினைந்து, நாங்கள் தொப்பி போட்டபடி மா பிசைந்தோம். அப்பா மேல் அறையில் போர்வைக்குள் இருந்து எங்கள் இருவரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

அம்மா சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. விரதம் என்றில்லை, எப்போதும் அப்படித்தான். படைக்கிற சாப்பாட்டை முதலில் வாயில் வைக்கக் கூடாது என்று பழகி, பிறகு எந்தச் சாப்பாட்டையும் வைக்காமல் விட்டவர். உப்புக்கூட மணத்திலேயே தெரியும் என்பார். ஆவி மூக்கில் பட்டால் போதும், "புளி காணாது" என்று சரியாகச் சொல்வார். நாற்பது வருடமாக அந்த மூக்கு பிழை விட்டதில்லை.

அந்த மூக்கை நம்பி நான் மேலே போனது பிழை. வேலையிடத்திலிருந்து அவசரமாக ஒரு டெலிபோன் கோல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல். "அம்மா, எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது படியிலேயே கண் எரிந்தது.

"அம்மா, எசன்ஸ் போத்தல் எங்கை?"

"முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? முழுப் போத்தலுமோ?"

"நீ சொன்ன கரண்டி விட்டன். மணக்கேல்லை. பேந்தும் விட்டன். அப்பவும் வெங்காயம் மாதிரி ஒண்டு அடியில மணந்துகொண்டே கிடந்துது. அதுதான்..."

வெங்காயம் அந்த வீட்டில் மூன்று நாளாக இல்லை. திறந்திருந்த யன்னலுக்குள்ளால் பனிக்காற்று வந்துகொண்டிருந்தது. நான் மாவை முகர்ந்தேன். மூளை வரைக்கும் குளிர்ந்தது. அதில் வெங்காயம் இல்லை, பட்டர் இல்லை, மாகூட இல்லை. மின்ட் மட்டும்தான். அந்த வெங்காயம் அம்மாவின் மூக்குக்குள் எங்கேயிருந்து வந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. ஒக்ரோபரில் திறந்த அந்த யன்னலுக்குள்ளால்தான் வந்தது.

திருப்பிச் செய்யப் பட்டர் இல்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சுட்டோம். பார்வைக்கு அருமையாக வந்தன. வெள்ளையாக, ஓரம் கொஞ்சம் பொன்னாக, மேலே சிவப்புத் தூள். அப்பா கீழே இறங்கிவந்து ஒன்றை முழுதாக வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கண்கள் பெரிதாகின.

"தண்ணி குடியாதைங்கோ அப்பா, கூடும்."

"பிந்திச் சொல்லுறாய்," என்றார், கையால் வாயை விசிறியபடி. "பல்லு எல்லாம் வெளியில போய் நிக்கிற மாதிரிக் கிடக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். விரதக்காரர், தான் தின்ன முடியாது. நான் ஒன்றைக் கடித்தேன். உண்மையைச் சொன்னேன். "கூடிப்போச்சு அம்மா. நல்லாக் கூடிப்போச்சு."

"அதை விடு. கறி மணம் இருக்கோ?"

"இல்லை."

"வடிவாப் பார்த்துச் சொல்லு."

"கொஞ்சமும் இல்லை அம்மா."

"அப்ப சரி," என்றார். தகரப் பேணியில் அடுக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெழுகுத்தாள் வைத்து, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. பேணியைக் கராஜில் ஜக்கெற்றுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. பின்னேரம் கராஜ் கதவு திறந்த சத்தம் கேட்டதும் ஓடினேன். அம்மா ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டிருந்தார். கையில் அதே பேணி.

"என்ன நடந்தது?"

"முதல் உள்ளுக்கை வரவிடு."

குசினியில் இருந்து, தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி சொன்னார்.

"எல்லாரும் பெட்டியளைத் திறந்து வைச்சினம். நான் கடைசியாத் திறந்தன். திறந்ததும், எடியே, நான் என்ன சொல்ல, அறை முழுக்க அடிச்சுது. கார்டெரிச் சமையல்காரிக்குக் கண்ணால தண்ணி. ஒரு பெட்டைக்கு ஒரு கிழமையாத் தடிமன், மூக்கு அடைச்சுக் கிடந்தது. அவள் மணந்து பார்த்துப்போட்டு, மூக்குத் திறந்திட்டுது எண்டு கத்துறாள். எல்லாரும் சிரிக்கினம்."

"பேந்து?"

"பேந்தென்ன. அந்த மனுசி எழும்பினா."

"எந்த மனுசி? யன்னல்காரியோ?"

"ஓம். போய் யன்னலைத் திறந்தா."

நான் எழும்பிவிட்டேன். "இருக்கட்டும், நான் இப்பவே ஈமெயில்..."

"இரு, இரு. முழுக்கக் கேள். எழும்பி வெளியில போவம் எண்டு பார்த்தா, என்ர ஜக்கெற் எல்லாற்ரை ஜக்கெற்றுக்கும் அடியில. கார்த் திறப்பு அதுக்குள்ள. கையில பேணி. எங்கை போறது? யன்னலடிக் கதிரைதான் வெறுமையாக் கிடந்தது. அதில இருந்திட்டன். இருந்தா, குளிர் முதுகைப் பிடிச்சு ஆட்டுது. வயித்திலயும் ஒண்டும் இல்லை. எவ்வளவு நேரம் பொறுக்கிறது?"

"அதுக்கு?"

"அதுக்கு நான் சொன்னன்." அம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். "குளிருது, தயவுசெய்து மூடுங்கோ எண்டு. பிரெஞ்சில."

அம்மா வேலையிடத்தில் தானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டதாக நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

"மூடினாவோ?"

"பாதி மூடினா. பர்தோன், மன்னியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, ஒரு தட்டை எடுத்து முகத்துக்கு விசிறினா. தனக்கு இந்த வயசில எந்த நேரமும் உடம்பு எரியுமாம். மற்றவையள் அவவோட சண்டை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் இந்த யன்னல் சண்டைதானாம். சமையல்காரி சொன்னா, நல்லகாலம் நீயாவது கேட்டாய், நாங்கள் கேட்டாக் கேளாள் எண்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். எனக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் அங்கை இருக்கேல்லையே."

எனக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஒக்ரோபரில் அந்தப் பெண்ணுக்கு உடம்பு எரிந்திருக்கலாம். கத்தரிக்காயாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருந்திருக்கலாம். அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"இருக்கலாம்," என்றார் அம்மா. "கறியாத்தான் இருந்தா என்ன, மூடச் சொன்னா மூடுறா தானே."

பேணியைத் திறந்து பார்த்தேன். எங்கள் குக்கியில் பாதி அப்படியே திரும்பி வந்திருந்தது. தடிமன்காரப் பெண் மட்டும் ஆறு எடுத்தாராம், மருந்துக்கு. பேணியின் மற்றப் பாதியில் இஞ்சிக் குக்கி, கறுவாக் குக்கி, ஏதோ ஜாம் வைத்தது. எல்லாவற்றிலும் முட்டை. விரதம் முடியும்வரை பேணி கராஜை விட்டு உள்ளே வரவில்லை. அப்பா அடிக்கடி "காருக்குக் காத்துப் பார்க்கோணும்" என்று சொல்லிவிட்டு அங்கே போய்வந்தார். வரும்போது மீசையில் கறுவா மணந்தது. அந்தத் திங்கட்கிழமை இரவே கடுகு வெடித்துவிட்டிருந்தது.

விரதம் முடிந்தது, விடுமுறையும் முடிந்தது. இன்றைக்குக் கார்டெரி திரும்பத் திறக்கிற நாள். காலையில் நான் கீழே இறங்கும்போது அம்மா சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. கராஜில் போய் ஜக்கெற்றைப் போட்டார். பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தார். கார்த் திறப்பைக் கொண்டுவந்து மேசையில், என் லாப்டொப்புக்குப் பக்கத்தில் போட்டார்.

"நான் பஸ்ஸில போறன். நீ எங்கையும் போறதெண்டா எடு."

நான் எங்கேயும் போகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இப்போது மத்தியானம், வெளியே மைனஸ் பதினெட்டு. அம்மா இருந்து சாப்பிடுகிற கார் எங்கள் வாசலில் நிற்கிறது.